கடல்நீரில் முட்டை மிதக்குமா? முதலில் கொப்பியில் எழுதட்டும்

மிதத்தல் பாடத்துக்கு, திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையின் கடல்நீர் அரை லீற்றரும் புது முட்டை ஒன்றும் கொண்டுபோங்கள். "இதில் முட்டை மிதக்குமா, ஏன்?" இரண்டு நிமிடம், ஒவ்வொருவரும் கொப்பியில் எழுத வேண்டும். வாயால் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளையின் விடையே வகுப்பின் விடையாகிவிடும். திருகோணமலைப் பிள்ளைகள் கடலில் மிதந்து பழகியவர்கள். பலர் "மிதக்கும்" என்றே எழுதுவார்கள். முட்டையோ அடியில் போய்க் கிடக்கும்! குழந்தை உளவியலாளர் பியாஜே சொன்ன சமநிலைக் குலைவு, அதாவது நினைத்ததும் கண்டதும் முரண்படும்போது வரும் மனக்குழப்பம், இந்தத் திகைப்புத்தான். தயவுசெய்து உடனே விளக்கம் சொல்லி அதைக் கெடுக்காதீர்கள். உப்பை மட்டமான தேக்கரண்டியால் ஒவ்வொன்றாகப் போட்டு, நன்றாகக் கரைத்து, எத்தனையாவதில் எழும்புகிறது என்று அவர்களே எண்ணட்டும். 8 முதல் 10 வரை போகும். பழைய முட்டை வேண்டாம். காற்றறை பெருத்திருப்பதால் முதலிலேயே மிதந்துவிடும். பிறகு, முன்பு எழுதியதை அவர்களே திருத்தட்டும். 'அடர்த்தி' என்ற சொல்லை அப்போது கரும்பலகையில் எழுதினால் போதும்.