இன்னைக்குப் பேர் போட்டாச்சா? தினமும் கதை எழுத எனக்குக் கைகொடுத்த வழிகள்

எங்கள் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வராது. ஆனால் நான் கதை எழுதுகிறேனா இல்லையா என்று தினமும் கணக்குப் பார்ப்பவர் அவர்தான். விடியற்காலையில் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு குசினிக்குள் வருவார். அடுப்பைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்துக் கேட்பார்: "ஏ புள்ள, இன்னைக்குப் பேர் போட்டாச்சா?"

தேயிலைத் தோட்டத்துப் பேச்சு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேர் என்றால் ஒருநாள் வேலையின் கணக்கு. செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அம்மா ஓய்வுபெறும் காலத்தில் எங்கள் தோட்டத்தில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டிலிருந்து கடைசி நிறுவை வரை மழையில் நின்றிருந்தாலும், 15 கிலோ என்றால் அரைப்பேர்தான்.

நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு சின்னத் தபாற்கந்தோரில் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். மேசை கிடையாது, தையல் மெஷினின் பலகையை மூடிவிட்டு அதன்மேல் எழுதுகிறேன். பதினொரு வருடங்களாக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதல் நாலு வருடம் எழுதியது குறைவு, எழுதவில்லையே என்று கவலைப்பட்டதுதான் அதிகம். அதனால் நான் எப்படித் தோற்றேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மாதம் முழுக்க எழுதி ஒரு நாவலை முடிக்கும் வழக்கம் ஒன்று 1999இல் அமெரிக்காவில் தொடங்கியது, அடுத்த வருடம் அது நவம்பர் மாதத்துக்கு மாறியது. 30 நாளில் 50,000 சொல். அதாவது நாளுக்கு 1,667. அதைக் கேள்விப்பட்டு நானும் இறங்கினேன். முதல் மூன்று நாள் திருவிழா மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல், 400 சொல்தான் எழுதினேன். மிச்சத்தை அடுத்த நாளில் சேர்த்தேன். அதுவும் முடியவில்லை. ஒன்பதாம் நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கடன்காரி மாதிரி இருந்தது. கொப்பியை மூடினேன். அதற்கப்புறம் ஐந்து மாதம் அதைத் தொடவில்லை.

இதில் இரண்டு தப்பு. முதல் தப்பு, அது இங்கிலீஷ் கணக்கு. "போய்க்கொண்டிருந்தவளைத்தான்" என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை அவர்கள் ஐந்தாறு சொல்லில் சொல்வார்கள். அவர்களுடைய 1,667ஐ அப்படியே எடுத்துத் தமிழில் எழுதப் போனால் உண்மையில் அதைவிட எவ்வளவோ கூடுதலாக எழுதவேண்டி வரும். நான் இப்போது சொல் எண்ணுவதே இல்லை, பக்கம்தான். சி.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் என் கையெழுத்துக்கு 120, 130 சொல் வரும்.

இரண்டாவது தப்பு பெரியது. அம்மாவின் முதுகை வளைத்த அதே கிலோக்கணக்கை நானே என் தலையில் ஏற்றிக்கொண்டேன். 400 சொல் எழுதிய நாளுக்கு நானே எனக்கு அரைப்பேர் போட்டேன். துரையும் நான்தான், கணக்கப்பிள்ளையும் நான்தான், கூடை சுமப்பவளும் நான்தான். அப்படியிருக்க ஏன் இந்தக் கொடுமை?

ஆகவே என் தோட்டத்தில் அரைப்பேரை எடுத்துவிட்டேன். கொப்பியைத் திறந்து, கதையில் ஒரு வரி எழுதினால் முழுப்பேர். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு. கூடுதலாக எடுத்த கிலோவுக்குத் தோட்டத்தில் தனிக்காசு உண்டு அல்லவா, அதுமாதிரி ஒரு பக்கம் தாண்டினால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஆனால் இன்றைய புள்ளியை நாளைய கோட்டுக்கு மாற்ற முடியாது. இதில் மட்டும் நான் கண்டிப்பான துரை.

உங்கள் அளவை எப்படி வைப்பது? நல்ல நாளை மனதில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். தலையிடி, கரண்ட் இல்லை, வீட்டில் விருந்தாளி, பெரியவளுக்கு நாளைக்குச் சோதனை: அப்படிப்பட்ட நாளில் உங்களால் எவ்வளவு முடியும்? அதுதான் அளவு. ஒரு வரி என்றால் ஒரு வரி. ஒரு வரியில் என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். பேனையை எடுத்தவள் பெரும்பாலும் ஒரு வரியோடு நிற்கமாட்டாள். நின்றாலும் பரவாயில்லை.

அப்புறம் நேரம். "காலை ஐந்து மணிக்கு எழுதுவேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மணி ஐந்தேகால் ஆகிவிட்டால், சரி, இன்றைக்குப் போச்சு என்று மனசு உடனே சாக்குச் சொல்லும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், "இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் நினைத்ததைச் செய்துமுடிக்க வாய்ப்புக் கூடுதல் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். என் முடிச்சு கேத்தல். அடுப்பில் கேத்தலை வைத்ததும் கொப்பி திறக்க வேண்டும். காஸ் என்றால் எட்டு நிமிடம், விறகு ஈரம் என்றால் கால்மணி நேரத்துக்கும் மேல். மழைக்காலத்தில் என் கதைகள் கொஞ்சம் நீளமாகப் போவதற்கு இதுதான் காரணம்.

அந்தனி டிரொலப் என்ற இங்கிலாந்து நாவலாசிரியரை எனக்குப் பிடிக்கும், காரணம் அவரும் தபாலில் வேலை செய்தவர். 1834 முதல் 1867 வரை தபால் இலாகாவில் இருந்தார். காலை ஐந்தரைக்கு எழுத உட்காருவார். தன்னை எழுப்பிவிடுவதற்காக ஒரு வயதான வேலைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண் கூடுதலாகக் கொடுத்தார். முன்னால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல். இதையெல்லாம் அவரே தன் வரலாற்றில் எழுதி வைத்தார். அவர் இறந்தபின் 1883இல் அது வெளிவந்தது. இப்படிக் கடிகாரம் பார்த்து எழுதுகிறவனும் ஒரு கலைஞனா என்று சிலர் முகம் சுளித்தார்களாம். சுளிக்கட்டும். என்னிடம் 5 பவுண் இல்லை, அம்மா இருக்கிறார். அவருடைய பாட்டி காலத்தில் இருட்டோடு தப்புப் பறை அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்களாம். யாரையும் "இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் உதவியது இனிச் சொல்லப்போவது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும் என்று ஹெமிங்வே சொல்லியிருக்கிறார். நான் இதை ஒரு படி கூட்டினேன். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துகிறேன். அதிலும் வினைச்சொல்லுக்கு முன்னால். தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது, அது வரும்வரை எதுவும் முடிவாகாது. போன வருடம் ஒரு கதையில், நிறுவைக்காரன் எப்போதும் இரண்டு கிலோ கழித்து எழுதுகிறான். ஒரு கிழவி அவன் முன்னால் நிற்கிறாள். நான் எழுதியது இவ்வளவு: "தராசு முள் ஆடி நிற்பதற்குள் கிழவி கூடையை". கேத்தல் கூவியது. பேனையை மூடிவிட்டேன்.

அன்று முழுக்க அந்த வாக்கியம் என்னோடு வந்தது. முத்திரை குத்தும்போதும், பதிவுத் தபாலுக்குப் பற்றுச்சீட்டு எழுதும்போதும். கூடையைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். மத்தியானம் சோற்றுப்பார்சலைப் பிரிக்கும்போது தோன்றியது, தள்ளினாள் என்றால்? திரும்ப எடுத்துக்கொண்டாள் என்றால்? அடுத்த நாள் காலையில் "தூக்கித் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டாள்" என்று எழுதினேன். கொழுந்தைக் கொடுக்காமலே அவள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு, நடந்தாள், கதை நான் நினைக்காத பக்கம் திரும்பியது. ஒரு வினைச்சொல்லுக்காகப் படுக்கையிலிருந்து எழுந்த காலை அது. உற்சாகம் என்கிறார்களே, எனக்குத் தெரிந்த உற்சாகம் இப்படித்தான் வரும், முந்தின நாளே கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால்.

எழுத ஒன்றுமே இல்லாத நாளும் வரும். அதற்காகக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி, கேட்ட பேச்சுகளை எழுதி வைக்கிறேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டது, ஹட்டன் பஸ்ஸில் கேட்டது, சீசன் காலத்தில் சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டத்தில் கேட்டது. "அவன் கொழும்புல கடையில நிக்கிறான், போன்ல மட்டும் மொதலாளி" என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு வரியிலிருந்து ஒரு கதை வந்தது. தபாற்கந்தோர் யன்னலில் கேட்பதை மட்டும் எழுதுவதில்லை. நம்பி வருகிறார்கள், அது வேறு.

கதை நடுவில் சிக்கிக்கொண்டால் அடுத்த காட்சியைத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. கண்ணுக்குத் தெரிகிற காட்சியை எழுதுங்கள், பிறகு ஒட்டலாம். வெறும் பேச்சாக எழுதிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், "இவள் ஏன் இப்போதே இஸ்தோப்புத் திண்ணையில் இருந்து எழுந்து போகவில்லை?" என்று பாத்திரத்தைப் பற்றி ஒரு கேள்வியை எழுதி, பதிலையும் எழுதுங்கள். அதற்கும் பேர் உண்டு.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொப்பி, பேனை. 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் போனபோது மெழுகுவர்த்தியில் எழுதியது கொப்பி இருந்ததால்தான். கொப்பி விலையும் அந்த வருடம் ஏறியது, அதனால் பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொண்டேன். முடிந்த கதையை மட்டும் போனில் ஏற்றுகிறேன். வாயால் சொன்னால் போன் எழுதும் வசதியையும் முயன்றேன். நான் "பெரட்டு" என்றேன், அது "புரட்டு" என்று எழுதியது. ஒரு வகையில் சரிதான்.

விட்டுப்போன நாட்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் லயத்துக்கு மேலே மண் விரிசல் விட்டது. பாடசாலையில் போய்ப் படுத்தோம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எத்தனையோ வீடுகளில் அப்படியில்லை. நாட்காட்டியில் 19 கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அதை நான் நிரப்பவும் இல்லை, அந்த 19 பக்கத்தை அப்புறம் எழுதித் தீர்க்கவும் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 22ஆம் நாள் உங்களைத்தான் குறை சொல்லிக்கொள்வீர்கள்.

நீண்ட இடைவெளிக்கப்புறம் திரும்பும் முதல் நாள் நான் புதிதாக எதுவும் எழுதுவதில்லை. கடைசியாக எழுதிய பக்கத்தைப் பார்த்து, அப்படியே இன்னொரு முறை கையால் எழுதுகிறேன். பாதிப் பக்கம் போகும்போது ஒரு சொல் பிடிக்காமல் மாற்றுவேன். மாற்றியதும் கை சூடாகிவிடும்.

பாராட்டை நம்பிப் பழக்கத்தைக் கட்டாதீர்கள். ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கதைக்கு இரண்டு வருடம் பதிலே இல்லை, விசாரித்தால் பிரதி தொலைந்துவிட்டது என்றார்கள். தபாலில் வேலை செய்கிறவள் அனுப்பிய தபால்! சிரிப்பதா அழுவதா? அதிலிருந்து ஒரு கதையை அனுப்பிய மறுநாள் அடுத்ததின் முதல் வரியை எழுதிவிடுவேன். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இன்னொன்று வேண்டும்.

பாராட்டு வேண்டாம், ஆனால் கேட்க ஒரு காது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். நன்றாக இருக்கிறது என்று அவர் இதுவரை சொன்னதில்லை. "அந்த நேரத்துல அவ எப்படி வீட்டுல இருப்பா? கொழுந்து நிறுக்கிற நேரமாச்சே" என்பார். அல்லது, செடிகளைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் யாராவது கொழுந்து எடுப்பார்களா என்று சிரிப்பார். தோட்டத்தில் இருந்துகொண்டு கதை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், தான் வேலை செய்த தோட்டத்தின் பெயரைத்தான் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார் என்று அவர்களுக்குச் சொல்வேன். மேலும் கேட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இந்தக் கட்டுரையை மூன்று காலையாக எழுதினேன். இன்றைக்கு முடிந்துவிடும் போலத் தெரிந்ததும் அம்மாவிடம் கேட்டேன், இதற்குப் பேர் உண்டா என்று. என்ன எழுதுகிறேன் என்று விசாரித்தார். கதை எழுதுவது எப்படி என்று எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அது தண்ணி ஓடக் கான் வெட்டுற வேலை. அதுக்கும் பேர் உண்டுதான். ஆனா கொழுந்துக் கணக்குல சேராது."

கேத்தல் இன்னும் கூவவில்லை. கொப்பியைத் திறக்கிறேன்.