வியன்னா ஸ்டீபன் பேராலயத்தின் எலும்பறைக்குப் போகிறீர்களா?

நீங்களாக இறங்கிப் பார்க்க முடியாது. வழிகாட்டியோடுதான், சுமார் அரை மணி நேரம். படிக்கட்டு வாசல் ஆலயத்துக்குள் இடப்பக்கம் இருக்கிறது. சுற்று முடிந்ததும் வெளியே சதுக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். அதனால் உடன் வந்தவரை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள், தேடி அலைய நேரும். சக்கர நாற்காலி போகாது. படம் எடுக்கவும் தடை.

1730களில் மேலிருந்த கல்லறைத் தோட்டத்தை மூடிய பிறகு 1783 வரை சுமார் 11,000 பேரை இங்கே வைத்தார்கள். கம்பித் தடுப்புக்கு அப்பால் பாருங்கள்: சில அறைகளில் கை, கால் எலும்புகள் விறகுபோல் அடுக்கியிருக்கும், சிலவற்றில் குவியல்தான்.

பலர் குழம்புவது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தார் விஷயத்தில். நான்காம் ருடால்ஃப் போன்ற முற்காலத்தவர் சிலரின் உடல்கள் இங்கேயே உண்டு; பிற்காலத்தவர் பலருக்கு இங்கிருப்பது செப்புக் கலங்களில் குடல் மட்டும். அவர்கள் இதயம் அகஸ்தீனர் ஆலயத்தில், உடல் கப்புச்சின் துறவிகளின் ஆலய நிலவறையில். அந்த நிலவறைக்குத் தனி டிக்கெட்.