மோட் சேர்க்கும் முன் விளையாட்டை ஆயத்தப்படுத்துவது எப்படி

மோட் என்பது கணினி விளையாட்டை மாற்றவோ விரிவாக்கவோ பிறர் உருவாக்கித் தரும் கூடுதல் கோப்புத் தொகுப்பு. மோட் சேர்த்த விளையாட்டு பாதியில் நின்றுபோனால், கடைசியாகச் சேர்த்த மோட்டின் மீதே எல்லாரும் பழி போடுகிறார்கள். அந்தப் பழுது பல வேளைகளில் மோட் வருவதற்கு முன்பே, விளையாட்டு நிறுவப்பட்ட விதத்திலேயே ஒளிந்திருக்கும். ஆகவே, மோட் எதுவும் இல்லாதபோது விளையாட்டு ஒழுங்காக ஓடுகிறது என்பதை உறுதி செய்து, அந்த நிலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பிச் செல்ல வழி வைத்துக்கொண்ட பிறகே முதல் மோட்டைத் தொட வேண்டும். 2016இல் வெளிவந்த ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விண்டோஸ் கணினியில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக வாங்கிய பிரதிக்கான ஆயத்தங்களை இங்கே விளக்குகிறேன். ஃபால்அவுட் 4 என்ற விளையாட்டுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். இணையத்தில் பலரோடு மோதும் போட்டி விளையாட்டுகளுக்கு இந்த முறை ஆகாது. அங்கே கோப்புகளில் கை வைத்தால் கணக்கே முடக்கப்படலாம்.

பிரதி முறையாக வாங்கியதாக இருக்க வேண்டும். கணினி வாங்கும்போது கடைக்காரர் சும்மா ஏற்றிக் கொடுத்த விளையாட்டில் இயக்கக் கோப்பு திருத்தப்பட்டிருக்கும் என்பதால், அந்தக் கோப்பின் பதிப்பை நம்பி இயங்கும் துணைக்கருவிகள் அதில் வேலை செய்யாது. மலேசியாவில் ஸ்டீமில் விலை ரிங்கிட்டிலேயே காட்டப்படுகிறது. தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குவதில் தவறொன்றும் இல்லை.

முன்பே ஒருமுறை மோட் போட்டு விளையாடிய கணினி என்றால், ஸ்டீமில் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது மட்டும் போதாது. ஸ்டீம் தான் வைத்த கோப்புகளைத்தான் எடுக்கும்; மோட்கள் கொண்டுவந்து போட்டவை பெரும்பாலும் விளையாட்டுக்குள் உள்ள டேட்டா என்ற கோப்புறையிலேயே தங்கிவிடும். ஆகவே நீக்கிய பின் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் உள்ள காமன் என்ற கோப்புறையைத் திறந்து, ஸ்கைரிம் கோப்புறை இன்னும் இருந்தால் அதைக் கையாலேயே அழித்துவிடுங்கள். டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் என்பதற்குள் பழைய அமைப்புக் கோப்புகளும் சேமித்த ஆட்டங்களும் இருக்கும். ஆட்டங்களை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அவற்றையும் அகற்றினால்தான் அது உண்மையிலேயே புது நிறுவல் ஆகும்.

அடுத்தது இடம். ஸ்டீம் இயல்பாகவே சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் பாதுகாப்புக் கருதி அந்தக் கோப்புறையில் பிற மென்பொருள்கள் எழுதுவதைக் கட்டுப்படுத்துவதால், மோட் கருவிகள் அங்கே சில கோப்புகளை எழுத முடியாமல் திணறும். சில நேரங்களில் பிழைச்செய்தி கூட வராது. இரண்டாவது டிரைவ் இருந்தால் ஸ்டீமின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று அதைச் சேர்த்து, விளையாட்டை அங்கே நிறுவுங்கள். இல்லையென்றால் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு ஒருநாள் போய் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிரைவ் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்வது நல்ல முதலீடு. அதுவும் இயலாதவர்கள் ஸ்டீமையே முதலிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி டிரைவில் தனிக் கோப்புறை ஒன்றில் நிறுவலாம்.

கோப்புறைப் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழ்ப் பற்றுக்கு இது இடமல்ல. மோட் கருவிகளில் பழையவை சில, பாதையில் தமிழ் எழுத்து வந்தால் குழம்பும். விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைத்திருப்பவர்கள், ஆங்கில எழுத்தில் இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்கி அதில் விளையாடுவது பாதுகாப்பு.

முன்பு சொன்ன டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதுக் கணினிகளில் விண்டோஸ் அதை ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்தோடு இணைத்துவிடுகிறது. குடும்பமே ஒரு கணினியைப் பகிரும் வீடுகளில், அப்பாவின் அலுவலகக் கோப்புகளும் பிள்ளையின் சேமித்த ஆட்டங்களும் ஒரே 5 ஜிபி இலவச இடத்துக்குப் போட்டி போடும். அதைவிட மோசமானது, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்டிரைவ் அந்தக் கோப்புகளை ஒத்திசைக்க முயல்வது. ஒன்டிரைவ் அமைப்பில் டாக்குமென்ட்ஸுக்கான காப்பை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் பழைய கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறையிலேயே இருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கணினியின் சொந்த டாக்குமென்ட்ஸுக்கு நீங்களே மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது விளையாட்டை அதன் சொந்தத் தொடக்கத் திரை வழியாக ஒருமுறை திறங்கள். அது வரைகலை அட்டையைக் கண்டறிந்து, மோட் கருவிகள் பின்னர் தேடப்போகும் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்புகளை உருவாக்கும். திறந்து மூடினால் மட்டும் போதாது. புதிய ஆட்டம் தொடங்கி, சிறிது நேரம் விளையாடி, சேமித்து, வெளியேறி, சேமித்ததை மறுபடி திறந்து பாருங்கள். ஸ்கைரிமின் இயற்பியல் கணக்கு நொடிக்கு 60 படச்சட்டங்களை ஒட்டி அமைந்தது. ஆகவே நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரையில் கட்டுப்பாடின்றி ஓடவிட்டால், ஆட்டத்தின் முதல் காட்சியிலேயே கைதிகள் வரும் குதிரை வண்டி துள்ளிக் குதிக்கும், மேசை மேல் உள்ள பொருள்கள் தாமாகவே பறக்கும். மோட் போட்ட பிறகு இதைப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு மோட்டாகக் கழற்றிப் பார்த்து இரவைத் தொலைப்பார்கள். வரைகலை அட்டையின் கட்டுப்பாட்டு மென்பொருளில் இந்த விளையாட்டுக்கு மட்டும் 60 என்று வரம்பு வைத்தால் தீர்ந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது பதிப்பு. ஸ்கைரிமின் பெரிய மோட்கள் பல எஸ்கேஎஸ்இ என்னும் நீட்டிப்புக் கருவியை நம்பியிருக்கின்றன. அந்தக் கருவியோ விளையாட்டின் இயக்கக் கோப்பினுடைய குறிப்பிட்ட பதிப்புக்கென்றே எழுதப்படுவது. 2021 நவம்பர் 11 அன்று ஆனிவர்சரி எடிஷனோடு வந்த புதுப்பிப்பு 1.5.97 பதிப்பை 1.6க்கு மாற்றியபோது, எஸ்கேஎஸ்இயை நம்பிய மோட்கள் ஒரே நாளில் செயலிழந்தன. ஃபால்அவுட் 4இன் 2024 ஏப்ரல் 25 புதுப்பிப்பும் அப்படித்தான். அதே வாரம் வெளிவரவிருந்த ஃபால்அவுட் லண்டன் என்ற பெரிய மோட் அதனால் ஜூலைக்குத் தள்ளிப்போனது. எனவே ஸ்கைரிமின் இயக்கக் கோப்பை வலச்சொடுக்கி, புரொப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பகுதியில் உள்ள பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு ஸ்டீமில் விளையாட்டின் புரொப்பர்ட்டீஸைத் திறந்து, அப்டேட்ஸ் பகுதியில், விளையாட்டைத் தொடங்கும்போது மட்டும் புதுப்பிக்க வேண்டும் என்ற தெரிவை அமையுங்கள். அதன் பிறகு ஸ்டீமின் பிளே பொத்தானைத் தொடாமல் எஸ்கேஎஸ்இயின் தொடக்கக் கோப்பு வழியாகவே விளையாட்டைத் திறக்கும் பழக்கம் வர வேண்டும். வீட்டில் வேறு யாராவது அந்தக் கணினியைத் தொடுவார்கள் என்றால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

பதிப்பு எண்ணைக் குறித்த அன்றே முழு விளையாட்டுக் கோப்புறையையும் வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். வீட்டில் வேகமான ஃபைபர் இணைப்பு இருக்கும்போது நகல் எதற்கு என்று கேட்கலாம். திரும்பப் பதிவிறக்கினால் கிடைப்பது அன்றைய புதிய பதிப்புதான்; உங்கள் மோட்களுக்குப் பொருந்திய பதிப்பு அந்த நகலில்தான் இருக்கும். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்விடும் அபாயம் நம் ஊரில் எப்போதும் இருப்பதால், வானம் இருட்டும் வேளையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். முடிந்ததும் இரண்டு கோப்புறைகளின் அளவும் கோப்பு எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இந்த நகலுக்கு ஈடாகாது. அது மாறிய மூலக் கோப்புகளைத் திருப்பிக் கொண்டுவரும், ஆனால் மோட் கூடுதலாகப் போட்டவற்றை அப்படியே விட்டுவிடும்.

மோட்களைக் கையால் டேட்டா கோப்புறைக்குள் இழுத்துப் போடாமல், அவற்றைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் மோட் மேலாளர் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மோட் ஆர்கனைசர் 2, மோட்களைத் தன் இடத்திலேயே வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும்போது மட்டும் அவை டேட்டாவுக்குள் இருப்பதுபோல் காட்டும். மூலக் கோப்புறை சுத்தமாக இருக்கும் என்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன். வோர்டெக்ஸ் என்ற இன்னொரு மேலாளர் தொடக்கக்காரர்களுக்கு எளிது; ஆனால் அது இயல்பாக, ஒரே கோப்பை இரண்டு இடங்களில் இருப்பதாகக் காட்டும் ஹார்ட் லிங்க் முறையில் இயங்குவதால், அதன் மோட் கோப்புறை விளையாட்டு இருக்கும் அதே டிரைவில் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அதை விளையாட்டுக் கோப்புறைக்கு வெளியே நிறுவுங்கள். மோட் வேலை செய்ய வைரஸ் தடுப்பை முழுவதுமாக அணைத்துவிடும்படி எந்த வழிகாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள்; தேவைப்பட்டால் மேலாளரின் கோப்புறைக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.

இனி எஸ்கேஎஸ்இயை மட்டும் சேர்த்து விளையாட்டைத் திறந்து, விளையாட்டுக்குள் கட்டளை தட்டும் பகுதியான கன்சோலில் கெட்எஸ்கேஎஸ்இவெர்ஷன் (GetSKSEVersion) என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றித் தட்டுங்கள். பதிப்பு எண் திரையில் வந்தால் முதல் மோட்டைச் சேர்க்கலாம். வரவில்லையென்றால், நீங்கள் குறித்து வைத்த விளையாட்டுப் பதிப்புக்குரிய எஸ்கேஎஸ்இதானா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.