இலையுதிர் காலக் கடைசியில் ஓர் இயற்கைக் குறிப்பேடு: எப்படித் தொடங்குவது?

தகைவிலான் குருவிகள் எந்த நாளில் கிளம்பிப் போயின என்று தெரிந்துகொள்ள என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அக்டோபர் 9 அன்று பதினோரு குருவிகளைப் பார்த்ததாக எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு எட்டு நாட்கள் வெறும் தாள். குருவிகள் போய்விட்டனவா, மழைக்குப் பயந்து நான் வெளியே போகவில்லையா? அந்தத் தாளை வைத்து இதை யாராலும் சொல்ல முடியாது. மூன்று வருடக் குறிப்புகளில் பாதி இப்படித்தான் வீணாயின. அதன் பிறகு மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ஒரே பாதை. அரை மணி நேரத்தில் நடந்து முடிகிற பாதையாக இருக்கட்டும். கொஞ்சம் புதர், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் திறந்தவெளி இருந்தால் போதும். நடுவில் பாதையை மாற்றாதீர்கள்.

2. வெப்பமானி. தரையிலிருந்து ஒன்றே கால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழலில், காற்று ஓடுகிற இடத்தில் மாட்டுங்கள். வானிலை நிலையங்களும் இந்த உயரத்தில்தான் அளக்கின்றன. வீட்டுச் சுவரில் மட்டும் வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவு முழுக்கக் கக்கிக்கொண்டே இருக்கும்.

சில நாள் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, மேலே இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதனால் உறைபனியைத் தனியாகக் குறியுங்கள்.

3. நாளுக்கு ஒரு வரி. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பருவம் தொடங்கும் முன்பே ஐந்து விஷயங்களைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். என் பட்டியல்: தகைவிலான், வாத்துக் கூட்டம், சுவர்க்கோழிச் சத்தம், காற்றில் மிதக்கும் சிலந்தி நூல், கடைசிப் பட்டாம்பூச்சி. ஒவ்வொன்றுக்கும் தினமும் ஏதாவது ஒரு குறி விழ வேண்டும்:

எண்: அத்தனை பார்த்தேன், அல்லது கேட்டேன்.
0: போனேன், தேடினேன், இல்லை.
கோடு: போகவில்லை.
பெருக்கல் குறி: போனேன், ஆனால் பார்க்க முடியவில்லை.

கடைசிக் குறியைப் பிற்பாடுதான் சேர்த்தேன். இந்தப் பருவத்தில் காலை மூடுபனி சகஜம். இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நாளில் 0 போட்டால், அது பொய்க் கணக்கு. வாத்துகள் அங்கேயே மிதந்துகொண்டு இருந்திருக்கலாம்.

முன்கூட்டியே பட்டியல் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேடாத ஒன்றுக்கு 0 போட முடியாது. பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு (eBird) தளத்தில் பதிவு செய்யும்போதும், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்று சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும்.

என் ஒரு வரி இப்படி இருக்கும்: "நவ. 6, 7:10–7:40, 4 டிகிரி, பாதி மேகம், காற்று 2, உறைபனி உண்டு. தகை. 0, வாத்து 14, சுவர். 0, நூல் 0, பட். 0."

4. காற்று. கருவி தேவையில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-ல் வகுத்த காற்றின் வலு அளவுகோலில், நிலத்துக்கான வடிவம் போதும். முகத்தில் காற்று தெரிந்து, இலை சலசலத்தால் 2. இலையும் சிறு குச்சியும் ஓயாமல் ஆடினால் 3. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 4. ஆனால் இப்போது மரத்தில் இலை ஏது? நான் மொட்டைக் குச்சிகளையும் தரைச் சருகையும் பார்த்துக் கணிக்கிறேன். காற்றின் திசையையும் எழுதிவையுங்கள். குளிர்ந்த காற்றுத் திரள் ஒன்று வந்து சேர்ந்து வானம் தெளிந்து, போகும் திசைக்கே காற்று வீசும்போதுதான் பெரும்பாலும் வலசைப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பும். காற்றும் பறவை எண்ணிக்கையும் ஒரே வரியில் இருந்தால் அந்தத் தொடர்பு உங்கள் கண்ணிலேயே படும்.

5. சாமான்கள். பென்சில்தான் என் கட்சி. ஈரத்தில் பேனா மை ஊறிவிடும், செல்போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். தொலைநோக்கியில் 10x42-ஐவிட 8x42-ஐத்தான் சொல்வேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10-ஆல் வகுத்தால் 4.2 மட்டுமே. மங்கலான காலையில் அந்த வித்தியாசம் தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் தொடங்கிய ஒருவர், ஒரே நாளில் பறவைகள் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கூவத் தொடங்கிவிட்டன என்று எழுதியிருந்தார். பறவைகள் மாறவில்லை. அவர் நாட்டில் அன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் இருந்தால், கடிகார நேரத்துக்குப் பக்கத்திலேயே "உதயத்துக்குப் பின் 20 நிமிடம்" என்பது போல ஒரு குறிப்பும் எழுதுங்கள். பழைய பக்கங்களில் கடிகாரம் மாறிய நாளுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால், அவற்றையும் சரியாகப் படிக்கலாம்.