பூசணி ஸ்கோன் ஏன் கேக் ஆகிவிடுகிறது?

செப்டம்பர் பிறந்ததுமே அமெரிக்கக் கடைகளில் பூசணி டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். காபி முதல் மெழுகுவர்த்தி வரை எங்கும் பட்டை, ஜாதிக்காய் வாசனைதான். அந்த ஆசையில் காலைச் சாப்பாட்டுக்கு ஸ்கோன், அதாவது வெண்ணெய் சேர்த்துச் சுடும் சிறு ரொட்டி, சுட இறங்கும் பலருக்குக் கடைசியில் கிடைப்பது ஆரஞ்சு நிறக் கேக். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்கோன் என்றால் மேலே லேசாக மொறுமொறுக்க வேண்டும், பிட்டால் அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும்.

கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பூசணி விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அரை கப் விழுது, அதாவது 120 கிராம் போட்டால், 100 கிராமுக்கு மேல் தண்ணீரையே ஊற்றுகிறோம். சாதா ஸ்கோன் செய்முறையை எடுத்து, அதில் சொன்ன பாலையும் க்ரீமையும் குறைக்காமல் பூசணியையும் சேர்த்தால் மாவு கூழாகாமல் என்ன செய்யும்? அப்புறம் அதைச் சரிக்கட்ட மேலும் மேலும் மைதா தூவுவார்கள். அதோடு கதை முடிந்தது.

விழுதைச் சமையலறைத் தாள் மேல் மெல்லப் பரப்பி, மேலே இன்னொரு தாளை வைத்து அழுத்துங்கள். தாள் சொதசொதவென்று நனைந்துவிடும். இரண்டு மூன்று முறை தாளை மாற்றியதும் விழுது கெட்டியாகித் தாளில் ஒட்டாமல் திரண்டு வரும். அடுப்பில் சிறு தீயில் கிளறி வற்ற வைத்தாலும் சரி. ஆனால் நன்றாக ஆற வேண்டும். சூடான விழுது வெண்ணெயை உருக்கிவிடும். இரண்டு கப் மைதாவுக்கு அரை கப் விழுது, ஒரு முட்டை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி க்ரீம் போதும்.

ருசி தூக்கலாக இருக்கட்டும் என்று விழுதைக் கூட்டுவதுதான் அடுத்த சறுக்கல். பூசணிக்கென்று பெரிய ருசி கிடையாது. ஸ்டார்பக்ஸ் 2003இல் கொண்டுவந்த பம்ப்கின் ஸ்பைஸ் லாத்தே என்ற காபியில் 2015 வரை பூசணியே இருந்ததில்லை! நாம் பூசணி ருசி என்று நினைப்பது பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு ருசியைத்தான். மசாலாவைக் கூட்டுங்கள், கிராம்பை மட்டும் கூட்ட வேண்டாம். அது கால் தேக்கரண்டியைத் தாண்டினால் பல் வைத்தியர் அறை ஞாபகம் வரும். இலங்கைப் பட்டை மென்மையானது. வழக்கமாகக் கிடைக்கும் தடித்த பட்டைக்குப் பதில் அதைப் போட்டால் அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

கடையில் ஒரு கவனம் தேவை. வெறும் பூசணி விழுது டப்பாவுக்குப் பக்கத்திலேயே, சர்க்கரையும் மசாலாவும் கலந்த பை ஃபில்லிங் (பை எனும் பண்டத்துக்குள் வைக்கும் பூரணம்) டப்பாவும் நிற்கும். அது வேண்டாம். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பூசணியும் வேண்டாம். நாரும் தண்ணீரும்தான் மிஞ்சும். பழமாக வாங்குவதானால் சுகர் பை எனும் சின்ன வகைப் பூசணி அல்லது பட்டர்நட் பூசணி.

தேடும்போது ஆஸ்திரேலிய செய்முறைகளும் கண்ணில் படும். குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த முன்னாள் செனட்டர் ஃப்ளோ பியெல்கே-பீட்டர்சனால் பேர்பெற்ற அந்த ஸ்கோன் வட்டமாக, மெத்தென்று, மசாலா இல்லாமல் இருக்கும். அது வேறு வகை. அதில் போடும் செல்ஃப் ரெய்சிங் மாவில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் உண்டு. அந்த மாவோடு அமெரிக்க செய்முறையின் பேக்கிங் பவுடரையும் சேர்த்தால் நாக்கில் கசப்பு ஏறும்.

வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். மாவில் பிசிறும்போது பட்டாணி அளவுத் துண்டுகள் கண்ணுக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். ஓவன் சூட்டில் அந்தத் துண்டுகளில் இருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்குவதால்தான் அடுக்கு வருகிறது. சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கே அடங்கிப் போக வேண்டும். பிசைந்தால் ஸ்கோன் ரப்பராகும். சேர்த்துத் தட்டி, இரண்டு மூன்று முறை மடித்து, ஓர் அங்குல கனத்தில் வட்டமாக்கி, கத்தியை நேராக இறக்கி எட்டாக வெட்டுங்கள். அறுப்பதுபோல் இழுத்தால் ஓரம் நசுங்கி, ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும்.

ஓவன் 200 டிகிரி செல்சியஸ். மாவே ஆரஞ்சு நிறம் என்பதால் மேல் நிறத்தை நம்பி எடுக்காதீர்கள். ஒன்றைத் தூக்கி அடிப்பக்கம் பழுப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரைப் பாகு மெருகை முழுக்க ஆறிய பிறகே ஊற்ற வேண்டும்.

காலையில் அவசரம் என்று வெட்டிய மாவை இரவெல்லாம் மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். தட்டோடு ஃப்ரீசரில் வைத்து, காலையில் உருக விடாமல் அப்படியே ஓவனில் தள்ளுங்கள். நாலைந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். வெண்ணெய் உறைந்து கிடப்பதால் உடனே சுட்டதைவிட நன்றாகவே உப்பி வரும்.