எஞ்சினை மாற்றுவதா, திருத்துவதா: கொழும்பில் பழைய கார் வைத்திருப்போருக்கு

கொழும்புக்குப் புதிதாக வருபவர் கைக்குப் பெரும்பாலும் வருவது ஒன்றரை, இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய கொரொல்லாவோ விட்ஸோதான். 2020 இல் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் பழையவற்றை யாரும் இலேசில் கழிப்பதில்லை. மீற்றர் காட்டும் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது. ஆகவே கராஜில் “எஞ்சின் முடிஞ்சுது, மாத்துங்கோ” என்றவுடன் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஓட வேண்டாம். முதலில் கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பாருங்கள்.

எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பற்றறி நிறைந்திருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் இணைப்புகளைப் பிரித்து, பிளக் துளையில் அழுத்தமானியை வைத்து, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். கொரொல்லா, விட்ஸ் பலவற்றில் உள்ள டொயோட்டா 1என்இசட் எஞ்சினுக்குச் சரியான அளவு ஏறத்தாழ 213 பிஎஸ்ஐ, குறைந்தது 156. சிலிண்டர்களுக்கிடையே 14க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஓயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் பெரும்பாலும் கஸ்கட்தான்.

புகையும் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். அதற்காக எஞ்சினை மாற்றுவது வீண் செலவு. ஓடும்போது தொடர்ந்து நீலமாக வந்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஓயில் குடித்தால் ரிங் பக்கம் சந்தேகியுங்கள். அதற்கும் முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள்; அந்தச் சின்னச் சாமான் அடைபட்டாலும் ஓயில் குறையும்.

வால்வ், ஹெட் கஸ்கட் போன்ற மேல்பகுதிக் கோளாறு என்றால் திருத்துங்கள். ஹெட்டைக் கழற்றி லேத்தில் சமதளம் பார்க்கச் சொல்லுங்கள், 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு கூடாது. அடியில் பெயாரிங் தட்டுச் சத்தமோ சிலிண்டர் சுவரில் கீறலோ இருந்தால் கதை வேறு. பழைய டொயோட்டா 5ஏ எஞ்சின் போன்ற வார்ப்பிரும்பு பிளொக்கைப் போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய அளவுப் பிஸ்டன் போடலாம். 1என்இசட் அலுமினிய பிளொக்; சிலிண்டர் உறை மெல்லியது, போரிங்குக்காகச் செய்யப்பட்டதல்ல. அங்கே மாற்றுவதே புத்தி.

கடையில் கிடைக்கும் ஜப்பான் எஞ்சின் பெரும்பாலும் வாகனத்திலிருந்து கழற்றியபடியே வந்தது. பளபளப்பு வெறும் கழுவல்தான். ஓயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புப் பிசின் இருக்கிறதா பாருங்கள், க்ராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், தரையில் வைத்தே கொம்ப்ரஷன் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். பஞ்சிகாவத்தையில் கடைக்குப் பஞ்சமில்லை. உத்தரவாதம் எத்தனை நாள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய 1என்இசட்டில் கேபிள் த்ரொட்டில், பிந்தியவற்றில் மின்னணு. பொருந்தாததை வாங்கினால் வயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பொருத்துமுன், எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்க க்ராங்க் சீல், வாட்டர் பம்ப், தேர்மோஸ்டற், பிளக், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். பிறகு பின்பக்க சீலுக்காக மட்டும் கியர்பொக்ஸ் இறக்கினால் கூலி இரட்டிப்பு. ரேடியேற்றரையும் விடாதீர்கள். வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றி அடைபட்ட ரேடியேற்றர்தான் பல எஞ்சின்களைச் சூடேற்றிக் கொல்கிறது. அதையே திரும்ப மாட்டினால் புதிதாகப் போட்ட எஞ்சினும் அதே வழியில் போகும். ஓயிலை (1என்இசட்டுக்கு 3.7 லீற்றர்) ஃபில்டரோடு மாற்றி, 1000 கிலோமீற்றரில் மறுபடி மாற்றுங்கள்.

கடைசியாகப் பத்திரம். எஞ்சின் இலக்கம் பிளொக்கில் பொறிக்கப்பட்டிருப்பதால், ஹெட் வேலைக்குப் பதிவில் மாற்றமில்லை. முழு எஞ்சினும் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். கடைப் பில்லையும் சுங்கப் பத்திரப் பிரதியையும் எஞ்சின் வாங்கும் அன்றே கேட்டு வாங்குங்கள். லீசிங்கில் உள்ள காரென்றால் கம்பனிக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். காப்புறுதிக்கும் புதிய இலக்கத்தைக் கொடுங்கள். பழைய எஞ்சினைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்டார்ட்டர், அல்டர்னேற்றர், ஏசி கொம்ப்ரசர் நல்லதாக இருந்தால் உதிரியாக வைத்திருக்கலாம், மிச்சத்துக்குப் பழைய இரும்பு விலையாவது கிடைக்கும்.