பதின்பருவக் கர்ப்பம்: குடும்பம் எங்கே கவனிக்க வேண்டும்?

பதின்பருவக் கர்ப்பம் என்றதும் பெண்ணின் நடத்தையைப் பற்றித்தான் பேச்சு எழுகிறது. ஆனால் வறுமை, பாதியில் நின்ற படிப்பு, இளவயதுத் திருமணம், வீட்டு வன்முறை, கருத்தடை பற்றிக் கேட்க ஆளில்லாத நிலை ஆகியவை, அவள் எதையும் முடிவு செய்வதற்கு முன்பே அவளுக்கிருக்கும் வழிகளைக் குறுக்கிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15 முதல் 19 வயதுப் பெண்களிடையே 2019இல் சுமார் 2.1 கோடி கர்ப்பங்கள் ஏற்பட்டன. அவற்றில் ஏறத்தாழ பாதி திட்டமிடப்படாதவை. மறுபாதியை அவர்களே விரும்பியது என்று எளிதில் எண்ணிவிடக் கூடாது. மணமான சிறுமியைச் சீக்கிரம் பிள்ளை பெறும்படி நெருக்குவது பெரும்பாலும் குடும்பமே.

பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது படிப்பை. மகள் அடிக்கடி வகுப்புக்குப் போகாமலிருந்தால் கண்டிப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். பள்ளியை விட்டு நின்ற பிறகே பல சிறுமியருக்குத் திருமணப் பேச்சும் கர்ப்பமும் நேர்கின்றன.

அடுத்தது பேச்சு. ஒருநாள் உட்காரவைத்து நீண்ட அறிவுரை சொல்வதைவிட, பூப்பெய்துவதற்கு முன்பே தொடங்கி, உடல், சம்மதம், கருத்தடை ஆகியவற்றை வயதுக்கேற்பச் சிறிது சிறிதாகப் பேசுவதே பயன் தரும். பேசினால் ஆசையைத் தூண்டிவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. பாலியல் கல்வி பாலுறவை அதிகரிப்பதில்லை என்பதை யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி ஆய்வுகளின் துணையோடு விளக்குகிறது. இந்தப் பேச்சிலிருந்து மகனுக்கு விலக்கு அளிப்பது, என் பார்வையில், குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு.

மகளோடு பழகுபவர் பல வயது மூத்தவராக இருந்தால், அதைக் காதல் என்று விட்டுவிடாமல், மிரட்டலோ பணமோ பரிசோ இடையில் இருக்கிறதா என்று அவளிடம் தனிமையில் விசாரியுங்கள். அந்த நபர் நெருங்கிய உறவினராகவும் இருக்கக்கூடும் என்பதால், மற்ற உறவினர் முன்னிலையில் கேட்பது அவள் வாயை அடைத்துவிடும்.

கர்ப்பம் உறுதியானால், யார் காரணம் என்ற விசாரணையைவிட மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. இந்த வயதில், கர்ப்பகால வலிப்பில் முடியக்கூடிய உயர் இரத்த அழுத்தத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு அதிகம். வன்முறை நடந்திருந்தால் சட்ட உதவியையும் உடனே நாட வேண்டும். மானத்தைக் காப்பதாக நினைத்து அவசரத் திருமணம் செய்துவைக்காமல், அவள் பள்ளிக்குத் திரும்பும் நாளைப் பள்ளி நிர்வாகத்துடன் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.